குரூப் 4 தேர்வுக்குப் பள்ளி சமூக அறிவியலை மறுபடி படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, வேலைக்கோ வீட்டு வேலைக்கோ நடுவில், டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 எழுத முடிவு செய்திருக்கிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. கணக்குக்கும் தமிழுக்கும் வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். வரலாறு, புவியியல், குடிமையியல் என்று வந்தால் மட்டும் "ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாப் புத்தகத்தையும் படி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்தால் ஆறாம் வகுப்பு சிந்துவெளியிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். அந்த மலைப்பில் நானும் தவித்திருக்கிறேன். எதை முதலில் எடுப்பது, எதைத் தொடவே வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் இந்தப் பாடம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

1. முதலில் கேள்விக் கணக்கைப் பாருங்கள்

தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். 100 கேள்விகள் தமிழ். மீதி 100-இல் 25 திறனறிவு, 75 பொது அறிவு. 2025 தேர்வுக்கான பாடத்திட்டத்தில் அந்த 75 இப்படிப் பிரிகிறது:

பொது அறிவியல் – 5
புவியியல் – 5
இந்திய வரலாறு, பண்பாடு, தேசிய இயக்கம் – 10
இந்திய ஆட்சியியல் – 15
இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் – 20
தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் – 20

வரலாறு, புவியியல், ஆட்சியியல் மூன்றையும் கூட்டினால் 50 கேள்விகள், அதாவது 75 மதிப்பெண். அந்த ஐம்பதில் 35 கேள்விகள் இரண்டே பகுதிகளிலிருந்து வருகின்றன: ஆட்சியியல், தமிழ்நாட்டு வரலாறு. பெரும்பாலானோர் தொடங்குவதோ இந்திய வரலாற்றின் முதல் பாடத்தில். குப்தர், ஹர்ஷர், முகலாயர் என்று ஒவ்வொரு அரச மரபுக்கும் ஒரு வாரம் கொடுத்துவிட்டு, நீதிக்கட்சிக்கு வரும்போது தேர்வுக்குப் பத்து நாள்தான் மிஞ்சியிருக்கும். நீங்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் உங்கள் பொது அறிவு விடைகள் மதிப்பிடப்படவே மாட்டா. அதனால் இந்தப் பாடத்துக்காகத் தமிழ் நேரத்தை வெட்டாதீர்கள். அறிவிக்கை வரும்போது பாடத்திட்ட இணைப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆணையம் அதை அவ்வப்போது மாற்றுகிறது.

2. காகித வேலையை இப்போதே தொடங்குங்கள்

அறிவிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், படிக்க வேண்டிய நாட்கள் அலுவலக வாசலில் போய்விடும்.

ஒருமுறைப் பதிவு: ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கு 150 ரூபாய். ஐந்து ஆண்டு செல்லும். ஆதார் எண்ணை இணைக்க வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும், தலைப்பெழுத்து உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

தேர்வுக் கட்டணம்: குரூப் 4-க்கு 100 ரூபாய், ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் தனி. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கு முழு விலக்கு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று இலவச வாய்ப்புகள். அந்த மூன்றும் ஆணையத்தின் எல்லாத் தேர்வுகளுக்கும் சேர்த்துத்தான். அரைகுறையாகத் தயாரான தேர்வுக்கெல்லாம் அவற்றைச் செலவழிக்காதீர்கள்.

சாதிச் சான்றிதழ்: இ-சேவை மையத்தில் 60 ரூபாய். திருமணமான பெண்கள் கவனிக்க வேண்டியது, சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியதை ஆணையம் ஏற்பதில்லை. இந்த ஒரு காரணத்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் கலங்கி நிற்பவர்கள் உண்டு.

தமிழ்வழிச் சான்றிதழ்: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்கு ஒன்று முதல் பத்து வரை. இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் ஆணையம் கொடுத்திருக்கும் படிவத்தில் தலைமையாசிரியரின் சான்று தேவை. எல்லாவற்றிலும் அதிக நாள் இழுப்பது இதுதான். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும், தலைமையாசிரியர் இருக்க வேண்டும், முத்திரை இருக்க வேண்டும். 2025-இல் விண்ணப்பக் காலம் ஏப்ரல் 25 முதல் மே 24 வரை, அதாவது நேராகக் கோடை விடுமுறையில் விழுந்தது. ஆகவே பள்ளி நடக்கும் மாதங்களிலேயே போய் வாங்கி வைத்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழின் நகலைக் கையோடு கொண்டுபோனால் பதிவேட்டில் தேடுவது சுலபம்.

கடைசி நாளுக்குப் பிறகு விண்ணப்பத்தைத் திருத்த மூன்று நாள் அவகாசம் தருகிறார்கள். விட்டுப்போனதைச் சரிசெய்ய அதுவே கடைசி வாய்ப்பு.

3. புத்தகங்கள்: எவை, எங்கே

ஆறு முதல் பத்து வரை சமூக அறிவியல் பாடநூல்கள், ஒரு பள்ளி நிலவரைபடநூல், சில வெற்று வரைபடத் தாள்கள். இவ்வளவு போதும். பாடநூல்கள் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம், ஏழாம் வகுப்புக்கு மூன்று பருவங்களுக்கும் தனித்தனிப் புத்தகம். ஒரு பருவத்தை மட்டும் இறக்கிவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

கைப்பேசித் திரையில் வரலாறு படிக்கலாம், வரைபடத்தைப் படிக்க முடியாது. அதனால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையாவது அச்சில் வைத்திருங்கள். பத்தாவது முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அப்படி வாங்கும்போது முதல் பக்கங்களில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் பாடத்திட்டம் முழுக்க மாறியது. அதற்கு முந்தைய சமச்சீர்ப் புத்தகங்களை அடிப்படையாக வைத்துப் படிக்காதீர்கள்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களை முதல் சுற்றில் தொடவே வேண்டாம். இரண்டாம் சுற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பதினொன்றாம் வகுப்பு வரலாற்றில் தமிழ்நாடு பற்றிய பாடங்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் தேசிய இயக்கம், அரசியல் அறிவியலில் அரசமைப்புப் பாடங்கள்.

பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் சேர வேண்டுமா என்று கேட்பீர்கள். இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் நூலகமும் மாதிரித் தேர்வும் உண்டு. முதலில் அங்கே போய்ப் பெயரைக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கும் ஒருவரிக் குறிப்புகள், வாட்ஸ்அப்பில் சுற்றும் "1000 முக்கிய வினாக்கள்" போன்றவை ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்க்க உதவலாம். அவற்றிலிருந்து தொடங்கினால் தனித்தனி விவரம் மட்டும் மனதில் தங்கும். கூற்று, காரணம் என்று கேள்வி வந்தால் கை நடுங்கும்.

4. வகுப்பு வாரியாகப் படிக்காதீர்கள், பொருள் வாரியாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி இது. ஒரே பொருள் நான்கு வகுப்புகளில் சிதறிக் கிடக்கிறது. உள்ளாட்சி ஆறாம் வகுப்பிலும் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறது. மாநில அரசு எட்டிலும் பத்திலும் இருக்கிறது. சங்க காலம் ஆறிலும் ஒன்பதிலும் இருக்கிறது. வகுப்பு வரிசையில் போனால் உள்ளாட்சியை முதலில் படித்ததற்கும் மறுபடி சந்திப்பதற்கும் நடுவில் இரண்டு மாதம் ஆகிவிடும், எல்லாம் மறந்துபோகும். ஒரே நாளில் இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். ஆறாம் வகுப்பில் எளிமையாகச் சொன்னதை ஒன்பதாம் வகுப்பு விரிக்கும், நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது பாதிதான் என்பது அப்போது தெரியும்.

எல்லாப் புத்தகங்களின் பொருளடக்கத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து தாளில் எழுதி, மூன்று வண்ணத்தில் குறியுங்கள்: ஆட்சியியல், வரலாறு, புவியியல். பிறகு பாடத்திட்டத்தில் இல்லாதவற்றை அடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு வரலாற்றின் முதல் நான்கு அலகுகள் உலகப் போர்களும் அவற்றை ஒட்டிய உலகமும். ஒன்பதாம் வகுப்பில் இடைக்கால ஐரோப்பா, புரட்சிகளின் காலம், தொழிற்புரட்சி. அருமையான பாடங்கள், தேர்வு முடிந்த பிறகு ஆசை தீரப் படியுங்கள். குரூப் 4 பாடத்திட்டத்தில் உலக வரலாறு கிடையாது. இதை மட்டும் செய்தாலே நூறு பக்கத்துக்கு மேல் குறையும்.

5. ஆட்சியியலில் தொடங்குங்கள்

பதினைந்து கேள்வி தரும் பகுதி. அளவில் சின்னது, தெளிவானது, ஊகத்துக்கு இடமில்லாதது. புதியவருக்கு நம்பிக்கை வரவேண்டுமானால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் அரசமைப்பு, மக்களாட்சி, உள்ளாட்சி. எட்டாம் வகுப்பில் மாநில அரசு, குடியுரிமை, சமயச்சார்பின்மை, நீதித்துறை. ஒன்பதில் தேர்தல், மனித உரிமை, உள்ளாட்சி. பத்தில் அரசமைப்பு, நடுவண் அரசு, மாநில அரசு. இந்தத் தொகுப்பை மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிக்கலாம்.

சட்டப்பிரிவு எண்களைத் தனித்தனியாக உருப்போடாமல் கூட்டமாகப் பிடியுங்கள். பகுதி 3, பிரிவு 12 முதல் 35 வரை அடிப்படை உரிமைகள். பகுதி 4, பிரிவு 36 முதல் 51 வரை அரசு நெறிமுறைக் கோட்பாடுகள். பிரிவு 51அ அடிப்படைக் கடமைகள். இந்த மூன்று எல்லை மனதில் நின்றால், ஏதாவது ஒரு எண் கேள்வியில் வந்ததும் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். நான்கு விடைகளில் இரண்டு தானாகக் கழியும்.

திருத்தங்களையும் "என்ன மாறியது" என்ற கதையோடு படியுங்கள். 1976-இல் 42-ஆவது திருத்தம் கடமைகளைச் சேர்த்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து எடுத்தது. அது இப்போது பிரிவு 300அ-வின் கீழ் சட்ட உரிமையாக மட்டும் இருக்கிறது. 61-ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கியது. 73-ஆவது ஊராட்சிகளுக்கு, 74-ஆவது நகராட்சிகளுக்கு. முதலாவது 29 பொருள்கள் கொண்ட பதினொன்றாவது அட்டவணையைக் கொண்டுவந்தது, இரண்டாவது 18 பொருள்கள் கொண்ட பன்னிரண்டாவது அட்டவணையை. இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்ச வயதுகளுக்கு ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: உள்ளாட்சி உறுப்பினர் 21, மக்களவை, சட்டமன்றம் 25, மாநிலங்களவை 30, குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், ஆளுநர் 35. தமிழ்நாட்டுக் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: சட்டமன்றம் 234, மக்களவை 39, மாநிலங்களவை 18, சட்டமேலவை 1986-இல் நீக்கப்பட்டது.

ஒரு பொறி: "ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள்", "நடைமுறைக்கு வந்த நாள்" இரண்டும் வேறு. அரசமைப்பு 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்டது, 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான சட்டங்களுக்கும் இப்படி இரண்டு தேதி இருக்கும். கேள்வியின் வினைச்சொல்லைக் கவனியுங்கள்.

6. தமிழ்நாட்டு வரலாற்றையும் தேசிய இயக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்

இருபதும் பத்தும் சேர்ந்து முப்பது கேள்விகள். இதற்குத்தான் அதிக நாள் கொடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு மாதம். பத்தாம் வகுப்பு வரலாற்றின் பின்பாதி முழுவதும் இதற்கே உரியது: 19-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்கள், தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகள், தேசியத்தின் தோற்றம், காந்தியக் காலம், தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம், தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள். இந்த ஆறு அலகுகளை வரி விடாமல் படியுங்கள். படத்துக்குக் கீழே உள்ள சிறு எழுத்தையும், பெட்டிச் செய்தியையும், பாடத்தின் முடிவில் உள்ள பயிற்சி வினாக்களையும் சேர்த்து.

ஒரு நீளமான தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இந்தியா, வலப்பக்கம் தமிழ்நாடு. மேலிருந்து கீழே ஆண்டுகள். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் சலிப்பதில்லை. ஏனென்றால் வரலாறு புரியாமல் போவதற்குக் காரணமே இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதுதான்.

வலப்பக்கத்தில் 1799 கட்டபொம்மன், 1801 மருது சகோதரர்கள், 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி. இவற்றை எழுதிய பிறகு இடப்பக்கத்தில் 1857 வரும். ஐம்பது ஆண்டுக்கு முன்பே இங்கே சிப்பாய்கள் எழுந்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரியும், வரிசைப்படுத்தும் கேள்வியில் தடுமாற மாட்டீர்கள். அடுத்து 1884 வலப்பக்கம் சென்னை மகாஜன சபை, 1885 இடப்பக்கம் காங்கிரஸ், 1887 வலப்பக்கம் சென்னையில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு.

1905-இல் வங்கப் பிரிவினை, சுதேசி இயக்கம். அதற்கு நேர் எதிரே 1906-இல் வ.உ.சிதம்பரனாரின் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம், 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தமும் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைதும், 1911-இல் மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டது. இந்த நான்கும் ஒரே தொடர் என்று புரிந்துவிட்டால் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. 1930-இல் காந்தியின் தண்டி உப்புப் பயணம், அதற்கு எதிரே அதே ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் நடந்த பயணம்.

வலப்பக்கத்தில் இன்னொரு ஓட்டம் தனியாகப் போகும். அதற்கு வேறு வண்ண மை பயன்படுத்துங்கள்: 1916 தென்னிந்திய நல உரிமைச் சங்கம் (பின்னாளில் நீதிக்கட்சி என்று அழைக்கப்பட்டது), 1920 தேர்தலில் நீதிக்கட்சி ஆட்சி, 1921 வகுப்புவாரி அரசாணையும் பெண்களுக்கு வாக்குரிமையும், 1924 வைக்கம் போராட்டம், 1925 சுயமரியாதை இயக்கமும் குடிஅரசு இதழும், 1930-களின் இறுதியில் இந்தி எதிர்ப்பு, 1969 ஜனவரி 14 தமிழ்நாடு என்ற பெயர் மாற்றம். சமூக அரசியல் இயக்கங்கள் என்று பாடத்திட்டம் சொல்வது இதைத்தான். தேசிய இயக்கத்தை மட்டும் நன்றாகப் படித்துவிட்டு இந்த ஓட்டத்தை மேலோட்டமாக விடுபவர்கள் அதிகம். இங்கே ஓர் அரசாணை, ஓர் இதழின் பெயர், ஒரு தலைவரின் பங்கு என்று நேரடியாகக் கேட்பார்கள்.

பண்டைய தமிழகத்துக்கு ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளையும், சோழர் பாண்டியருக்கு ஏழாம் வகுப்பையும் சேர்த்துப் படியுங்கள். சங்க இலக்கியம், ஐந்திணை, கீழடி, ஆதிச்சநல்லூர் எல்லாம் தமிழ்ப் பகுதிக்கும் உதவும். ஒரே உழைப்பில் இரண்டு பக்கமும் பலன் தரும் பகுதி அது.

7. புவியியல்: வரைபடம் இல்லாமல் ஒரு பக்கமும் திருப்பாதீர்கள்

ஐந்தே கேள்விதான். இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பில் இந்தியா பற்றிய ஐந்து அலகுகள், தமிழ்நாடு பற்றிய இரண்டு அலகுகள். இவை முதலில். ஆறு, ஏழு, எட்டில் பாறை, மண், நிலநடுக்கம், வானிலை ஆகியவற்றை ஒருமுறை வாசித்தால் போதும்.

வெற்று வரைபடத்தில் நீங்களே ஆறுகளை வரையுங்கள். காவிரி எங்கே நுழைகிறது, வைகை எங்கே தோன்றுகிறது, தாமிரபரணி ஏன் வற்றாமல் ஓடுகிறது? தாமிரபரணிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் கிடைக்கிறது. இப்படிக் காரணத்தோடு படித்தால் கூற்று–காரணக் கேள்வி சுலபமாகிவிடும். மாதிரிக்கு ஒன்று:

கூற்று: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி குறைந்த மழையே பெறுகிறது.
காரணம்: தமிழ்நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது.

இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. "காரணம் சரி, ஆனால் விளக்கவில்லை" என்ற விடைதான் பலரை இழுக்கும். "ஏனென்றால்" என்று நடுவில் சேர்த்து இரண்டு வரியையும் ஒரே வாக்கியமாக வாசித்துப் பாருங்கள். பொருள் ஓடினால் விளக்குகிறது.

8. பழசாகிப்போன எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள்

பாடநூல்கள் 2018, 2019 வாக்கில் எழுதப்பட்டவை. அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. மறுபதிப்புகளில் சிலவற்றைத் திருத்தியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் திருத்தவில்லை. புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டியவை:

மாவட்டங்கள் 38. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன, 2020-இல் மயிலாடுதுறை.
மாநிலங்கள் 28, ஒன்றியப் பகுதிகள் 8. ஜம்மு காஷ்மீர், லடாக் பிரிவு 2019-இல். தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் இணைந்தது 2020-இல்.
மக்களவைக்கு ஆங்கிலோ இந்தியர் நியமனம் 2020-இல் நின்றது (104-ஆவது திருத்தம்).
மக்களவை, சட்டமன்றங்களில் பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுச் சட்டம் 2023-இல் (106-ஆவது திருத்தம்).
தமிழ்நாட்டில் புலிகள் காப்பகம் ஐந்து. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் சேர்ந்தது.
ராம்சர் ஈரநிலம் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) என்றால் பழைய புத்தகத்தில் கோடியக்கரை மட்டும் இருக்கும். 2022 முதல் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, பிச்சாவரம் எனப் பல சேர்ந்துவிட்டன.

இந்தியக் கடற்கரை நீளம் போன்ற சில எண்கள் மறு அளவீட்டால் மாறியிருக்கின்றன. புத்தகத்தில் 7,516.6 கி.மீ., புதிய அளவீட்டில் 11,098.81 கி.மீ. இரண்டையும் எழுதிவையுங்கள். விடைத் தெரிவுகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதைக் குறிக்கலாம்.

9. பழைய வினாத்தாளைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

ஆணையத்தின் இணையதளத்தில் முந்தைய வினாத்தாள்களும் விடைகளும் இலவசமாக இருக்கின்றன. ஒரு பொருளை முடித்த அன்றே, பழைய தாள்களில் அந்தப் பொருளிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் போட்டுப் பாருங்கள். தவறிய கேள்வியின் விடை புத்தகத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி அடிக்கோடிடுங்கள். சில வாரத்தில், ஒரு பக்கத்தைப் பார்த்ததுமே கேள்வி எங்கிருந்து வரும் என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். குரூப் 2, குரூப் 1 முதல்நிலைத் தாள்களையும் பயன்படுத்தலாம். கடினமாக இருந்தாலும் புத்தகம் அதுவேதான்.

10. நாட்களை எப்படிப் பிரிப்பது

2024-இல் அறிவிக்கை ஜனவரி 30, தேர்வு ஜூன் 9. 2025-இல் அறிவிக்கை ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. முதல் முறை நான்கு மாதத்துக்கு மேல் கிடைத்தது, அடுத்த முறை இரண்டரை மாதம்தான். எனவே அறிவிக்கைக்காகக் காத்திருக்க முடியாது. ஆணையம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பார்த்து, ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

தினம் ஒன்றரை மணி நேரம் இந்தப் பாடத்துக்கு என்று வைத்துக்கொண்டால்: ஆட்சியியல் ஐந்து வாரம் (முதல் மூன்று வாரம் வாசிப்பு, அடுத்த இரண்டு வாரம் பழைய வினாக்கள்), தமிழ்நாட்டு வரலாறும் தேசிய இயக்கமும் ஒன்பது வாரம், மீதி இந்திய வரலாறு மூன்று வாரம், புவியியல் இரண்டு வாரம். எஞ்சிய ஆறேழு வாரம் திருப்புதலுக்கு மட்டும். வேலைக்குப் போகிறவர்கள் புதிய பாடத்தைக் காலையிலும் திருப்புதலைப் பயணத்திலும் வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒன்பது மாதமாக நீட்டிக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

11. தேர்வு அறையில்

9 மணிக்குள் மையத்தில் இருக்க வேண்டும், தேர்வு 9.30-க்கு. கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா இரண்டு, நுழைவுச்சீட்டு, அடையாள அட்டையின் நகல்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆனால் எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்ற வட்டம் இருக்கிறது, பதில் தெரியாவிட்டால் அதை நிரப்ப வேண்டும். குறைப்பு இல்லாதபோது அந்த வட்டத்தை நிரப்புவதைவிட, இரண்டு தெரிவுகளைக் கழித்துவிட்டு மீதியில் ஒன்றை நிரப்புவதே மேல். ஓஎம்ஆர் தாளின் (வட்டங்களை நிரப்பும் விடைத்தாள்) அறிவுறுத்தல்களை முதல் நாளே வாசித்துவிடுங்கள்.

சமூக அறிவியல் கேள்விகளுக்கு 40 நிமிடம் போதும். நீளமான பொருத்துக, கூற்றுக் கேள்விகளில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

12. தேர்வு முடிந்த பிறகும் பாடநூலைப் பத்திரமாக வையுங்கள்

சில நாட்களில் ஆணையம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடும். தவறு என்று தோன்றினால் ஏழு நாட்களுக்குள் இணையவழியில் முறையிடலாம், ஆதாரமும் இணைக்க வேண்டும். இங்கே பயிற்சிக் குறிப்பேடுகள் உதவாது, பாடநூலின் பக்கம் உதவும். புத்தகத்தின் தலைப்புப் பக்கம், பதிப்பு ஆண்டு உள்ள பக்கம், விடை இருக்கும் பக்கம் மூன்றையும் தெளிவாகப் படமெடுத்துச் சேருங்கள். ஓரத்தில் நீங்கள் பென்சிலால் எழுதிய பக்கமாக இருந்தால், அதே பக்கத்தைப் பாடநூல் கழகத்தின் இணையதளப் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.